நிலை: சுமார்

'நிலை' என்ற கட்டத்தில் நாலு பதில் இருந்தது.
புதியது போல. நன்று. சுமார். உதிரிக்கு மட்டும்.
மண்டபத்து உப்புக்காற்றில் ஏழு வருடம் நின்ற எதையும்
புதியது போல என்று சொல்லக் கை வராது.
சுமாரைத் தொட்டேன்.

தொலைநோக்கி, எழுபது மில்லிமீட்டர்.
கண்வில்லை இரண்டு.
முக்காலியில் ஒரு காலுக்குத் திருகு போய்
நைலான் நரம்பால் கட்டியிருக்கிறது,
வலைமுடிச்சு, அவிழாது.
பெரிய வில்லையின் ஓரத்தில் பூஞ்சை, அரிசி அளவு,
நிலாவுக்கு ஒன்றும் ஆகாது.
எல்லாம் எழுதினேன், குவியச் சக்கரத்தைத் தவிர.

படத்துக்காக மாடியில் நிறுத்தி
கொடியில் கிடந்த நைட்டியை ஒதுக்கிவிட்டு எடுத்தேன்.
ஆனாலும் மூன்றாம் படத்தில்
வில்லைக்குள் தலைகீழாய் நான்,
என் பக்கத்தில் நைட்டி.

விற்கும் காரணம்?
தடைக்காலம். விசைப்படகெல்லாம் கரையில்.
படகு போகாதபோது ஐஸ் எதற்கு,
ஐஸ் இல்லாதபோது
ஐஸ் கம்பெனிக் கணக்குப்பிள்ளை எதற்கு.
'இடப் பற்றாக்குறை' என்று போட்டேன்.

ஆரம்ப விலை ஆயிரம். ஐந்து நாள்.
ஒருவர் கேட்டார், இலங்கை தெரியுமா.
இன்னொருவர், கடைசி விலை சொல்லுங்க.
ஏலத்துக்கு வந்து கடைசி விலை கேட்கிறவரை
என்ன செய்ய.

கரையில் ஏலம் என்றால் சிலுவைதாசன் தொண்டை
பாலத்தில் போகும் ரயிலையும் அமுக்கும்.
மூன்று எண்ணுவதற்குள் நண்டுக்கூடை கைமாறும்.
இங்கே சத்தமே கிடையாது.
ஆட்டோ மீட்டர் மாதிரி எண் மட்டும் நகர்கிறது,
அதுவும் சவாரி இல்லாத ஆட்டோ.

கடைசி இரவு ஒன்பதரைக்கு மூவாயிரத்து இருநூறு.
கேட்டவர் பெயர் நண்டு_73.

கரை ஏலத்தில் நம்ம ஆள் ஒருவன் நிற்பான்.
வாங்குகிறவன் போலக் கேட்டு ஏற்றிவிட்டு
பீடி பற்றவைக்கப் போவான்.
எல்லோருக்கும் தெரியும், யாரும் பேசுவதில்லை.
தம்பி சேசுராசு கொல்லத்தில் படகேறியிருக்கிறான்.
அவன் கணக்கின் கடவுச்சொல் என்னிடம்.

மூவாயிரத்து நானூறு, என்றான் சேசுராசு.
ஐந்நூறு, என்றது நண்டு.
எழுநூறு.
எண்ணூறு.
நாலாயிரம், என்றேன், என்றான்.

ஒன்பது ஐம்பத்தெட்டு.
மின்விசிறிச் சத்தம்.
ஒன்பது ஐம்பத்தொன்பது.
கேளு, நண்டு.
ஒரு ஐம்பது ரூபாயாவது கேளு.

வாழ்த்துகள், பொருள் விற்றுவிட்டது என்று எனக்கு வந்தது.
கமிஷன் நூற்றுக்கு எட்டு.
என் தொலைநோக்கியை நானே வாங்கிய வகையில்
முந்நூற்று இருபது ரூபாய் கடன்.
கொல்லத்திலிருந்து போன்:
அக்கா, எனக்கு வாழ்த்துன்னு வருது,
நான் என்ன வாங்கியிருக்கேன்?

பதினோரு மணிக்கு நண்டு எழுதியிருந்தார்.
கையில் மூவாயிரத்து எண்ணூறுதான் இருந்தது.
எடுத்தவர் வேண்டாம் என்றால் சொல்லுங்கள்.
தொண்டியிலிருந்து ஜெய்லானி.

எடுத்தவர் வேண்டாம் என்கிறார், என்று அடித்தேன்.
பொய்யில்லை, தம்பி சிரித்துக்கொண்டே அதைத்தான் சொன்னான்.
எண்ணூறு என்று அடித்து, அழித்து,
மூவாயிரத்து இருநூறு கொடுங்கள் என்றேன்.
ஏன் குறைக்கிறீர்கள், ஏதாவது பழுதா?

குவியச் சக்கரம் பாதிச் சுற்றில் வழுக்கும்.
அந்த இடத்தில் இடது பெருவிரலை அடியில் கொடுங்கள்.
அழுத்தக் கூடாது, சும்மா இருந்தால் போதும்.
எழுதும்போதே விரல் அங்கே போய்விட்டது,
போனை ஒற்றைக்கையில் பிடித்து முடித்தேன்.

நாளை பத்து மணி, ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டு.
எப்படி அடையாளம் தெரியும் என்றார்.
தெர்மோகோல் மீன்பெட்டி வைத்திருப்பேன், அதற்குள்தான் இருக்கிறது,
கழுவியாயிற்று, கொஞ்சம் வாடை இருக்கும்.
தடைக்காலத்தில் மீன்பெட்டியோடு நிற்பது
அநேகமாக நான் ஒருத்திதான்.